மகாராஜா ஹரிசிங்: காஷ்மீர மண்ணும் அதன் பாத்தியதையும்

செப்டம்பர் மாதம் 23-ந் தேதி ஜம்மு காஷ்மீரில் விடுமுறை நாள் என்று 2022-ம் வருஷத்தில் அங்குள்ள நிர்வாகத்தார் உத்தரவிட்டனர். அந்த ராஜ்யத்தின் கடைசி மன்னரான மகாராஜா ஹரிசிங் பிறந்த தினம் அது. மன்னர் காலஞ்சென்று அறுபது வருஷங்களுக்குப் பிறகு இந்த மரியாதை அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் செய்த காரியங்களுள் மிக நீண்ட ஆயுளுடன் விளங்கிய ஒன்று அதற்குள் மறைந்து போயிருந்தது. ராஜ்யத்துப் பிரஜை யார் என்பதை வரையறுத்து அவர் 1927-ம் வருஷத்தில் வெளியிட்ட பிரகடனமே அது. காஷ்மீரத்தில் வெளியார் ஸ்தாவர சொத்து வாங்கக் கூடாதென்ற ஏற்பாடு அதன்மேல்தான் நின்றது. மன்னர் போனார், மகுடம் போயிற்று, நாடு இரண்டு பட்டது. பிரகடனம் மட்டும் 92 வருஷங்கள் நிலைத்திருந்து, 2019-ம் வருஷத்தில் ஆட்டங்கண்டு, 2020-ல் வீழ்ந்தது.

ஒரு மனிதரையும் அவர் இயற்றிய சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இரண்டில் எதனையும் சரிவர மதிப்பிட முடியாது. ஹரிசிங்கைத் தெய்வமாக்கிப் பேசுவோரும் உளர். கொடுங்கோலர் என்று தள்ளிவிடுவோரும் உளர். இரு சாராருக்கும் உதவாத சில உண்மைகள் அவர் சரித்திரத்தில் இருக்கின்றன. அவற்றையே இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கிரயத்துக்கு வந்த ராஜ்யம்

ஹரிசிங்கின் கொள்ளுப்பாட்டனார் குலாப்சிங். சீக்கியரோடு நடந்த முதல் யுத்தத்தில் ஜயித்த ஆங்கிலேயர், 1846-ம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி அமிர்தசரஸில் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் காஷ்மீரப் பள்ளத்தாக்கும் அதனைச் சார்ந்த மலைநாடுகளும் குலாப்சிங்கிற்கும் அவருடைய ஆண் சந்ததியாருக்கும் உரிமையாயின. ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு அடையாளமாக வருஷந்தோறும் ஒரு குதிரையும், சால்வைக்கு ரோமம் தரும் ஆடுகள் பன்னிரண்டும், மூன்று ஜோடி காஷ்மீரச் சால்வைகளும் செலுத்த வேண்டுமென்று அதில் கண்டிருந்தது.

வக்கீல் தொழில் செய்தவர்களுக்கு இந்தச் சாசனத்தைப் படித்தால் ராஜ்ய உடன்படிக்கையின் நினைவைவிடக் கிரயப் பத்திரத்தின் நினைவே முந்தி வரும். ஜம்மு மன்னர்களும் அவ்வாறே கருதினர். பணங்கொடுத்து வாங்கிய பூமியாதலால் பள்ளத்தாக்கின் நிலம் முழுவதற்கும் மன்னரே சொந்தக்காரர். உழுகிறவனுக்கு அநுபோக பாத்தியதை மட்டுமே உண்டு. அதுவும் மன்னர் தயவால் என்பது அவர்களுடைய சித்தாந்தம். 1889-ம் வருஷம் முதல் அங்கு நிலவரித் திட்டம் செய்த வால்டர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேய உத்தியோகஸ்தர், குடியானவனின் நிலை கண்டு மிகவும் இரங்கினார். தீர்வையை ஒழுங்காகச் செலுத்தும் வரையில் அவனை நிலத்திலிருந்து வெளியேற்றலாகாது; பரம்பரையாக அவன் அநுபவிக்கலாம்; ஆனால் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று அவர் ஏற்பாடு செய்தார். விற்கும் உரிமை கொடுத்துவிட்டால் நிலமெல்லாம் பணக்காரர் கையிலும் வெளியூரார் கையிலும் போய்ச்சேரும் என்பது அவருடைய அச்சம். காஷ்மீர நிலத்தைப் பற்றிய வாதங்கள் யாவற்றிலும் பிற்காலத்தில் கேட்கும் குரல் இங்கேயே ஒலிக்கத் தொடங்கிவிட்டது. காப்பாற்றுதல் என்ற பெயரால் உரிமையைக் குறைப்பது அதன் தன்மை.

இளவரசர்

ஹரிசிங் 1895-ம் வருஷம் செப்டம்பர் 23-ந் தேதி ஜம்முவில் பிறந்தார். தகப்பனார் ராஜா அமர்சிங், அப்பொழுது ஆண்டுகொண்டிருந்த மகாராஜா பிரதாப்சிங்கின் இளைய சகோதரர். பிரதாப்சிங்கிற்குப் பிள்ளை இல்லை. அமர்சிங் 1909-ம் வருஷத்தில் இறந்துபோகவே, பதின்மூன்று வயதுப் பாலகரின் வளர்ப்பை ஆங்கிலேய சர்க்கார் தம் கையில் எடுத்துக்கொண்டனர். ஆஜ்மீரில் ராஜகுமாரர்களுக்கென்று ஏற்பட்ட மேயோ கலாசாலையில் அவர் படித்தார். டேராடூனில் சேனைப் பயிற்சி பெற்றார். 1915-ல் சமஸ்தான சேனைக்குத் தளபதியானார்.

வாலிபத்தில் நேர்ந்த ஓர் அவமானத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஐரோப்பா யாத்திரையின்போது பாரிஸ் நகரத்தில் சில மோசக்காரர் விரித்த வலையில் அவர் சிக்கினார். பெருந்தொகையைப் பறிகொடுத்தார். 1924-ல் லண்டன் கோர்ட்டில் அந்த விவகாரம் விசாரணைக்கு வந்தபொழுது, அவர் பெயரை வெளியிடாமல் ஓர் எழுத்தால் மட்டும் குறிப்பிட வேண்டுமென்று ஆங்கிலேய அதிகாரிகள் ஏற்பாடு செய்தனர். ரகசியம் நிலைக்கவில்லை. உலகமெல்லாம் பேசிற்று. அந்நியரிடத்தில் அவருக்கு ஆயுள் முழுவதும் இருந்துவந்த சந்தேகத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம்.

பிரதாப்சிங் 1925-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் காலமானார். வாரிசு விஷயத்தில் பெரியப்பாவுக்கு வேறு எண்ணம் இருந்தது. பூஞ்ச் ராஜ வம்சத்துப் பிள்ளை ஒருவரை அவர் சுவீகாரம் செய்துகொண்டிருந்தார். ஆங்கிலேய சர்க்கார் ஹரிசிங்கையே அங்கீகரித்தனர். முப்பதாவது வயதில் அவர் சிம்மாசனம் ஏறினார்.

ஆரம்ப வருஷங்கள் நம்பிக்கை தருவனவாயிருந்தன. கடன்பட்ட குடியானவனை லேவாதேவிக்காரனின் பிடியினின்றும் மீட்பதற்கு ஒரு சட்டம் பிறந்தது. பால்ய விவாகத்தைத் தடுக்கவும், பிள்ளைகளுக்குக் கட்டாய ஆரம்பக் கல்வி அளிக்கவும் முயற்சிகள் நடைபெற்றன. 1932-ம் வருஷத்தில் சமஸ்தானக் கோயில்களைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்டார். திருவாங்கூர்ப் பிரகடனம் வெளிவந்தது 1936-ல் என்பதை வாசகர்கள் நினைவு கூர்ந்தால் இதன் பெருமை விளங்கும்.

1927-ம் வருஷத்துப் பிரகடனம்

இச்சீர்திருத்தங்களுக்கிடையே பிறந்ததுதான் பிரஜைப் பிரகடனம். அதன் காரணத்தை அறிய முப்பது நாற்பது வருஷங்கள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1889-ல் ஆங்கிலேயர் பிரதாப்சிங்கின் அதிகாரங்களைப் பறித்து ஒரு நிர்வாக சபையை ஏற்படுத்தினர். ராஜாங்க பாஷையாக இருந்த பாரசீகம் போய் உருது வந்தது. உருதுவும் ஆங்கிலமும் கற்ற பஞ்சாபியர் உத்தியோகங்களில் கூட்டங் கூட்டமாக வந்து அமர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கணக்கெழுதி வந்த காஷ்மீரப் பண்டிதர்கள் வேலை இழந்தனர். கல்வியிற் பின்தங்கியிருந்த முஸ்லிம்களுக்கோ உத்தியோக வாசலில் நிற்கவும் இடமில்லை. காஷ்மீரம் காஷ்மீரிகளுக்கே என்ற கிளர்ச்சி முதலில் பண்டிதர்களிடையேதான் தோன்றிற்று. பிற்காலத்தில் இப்பாதுகாப்பை ஒரு மதத்தாரின் சலுகையென்று பேசியவர்கள் இந்தப் பிறப்பு வரலாற்றை மறந்தவர்கள்.

1912-ல் ஒரு வரையறை ஏற்பட்டது. ஆனால் அது ஓட்டையுடைய பாத்திரமாயிருந்தது. அநுமதிப் பத்திரம் பெற்றவரெல்லாம் பிரஜையாகிவிடக் கூடியதாயிருந்தது. பத்திரம் கொடுப்பவரும் வெளியூர் உத்தியோகஸ்தரே. இக்குறையைத் தீர்ப்பதாக ஹரிசிங் வாக்களித்திருந்தார். 1927-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி பிரகடனம் வெளியாயிற்று.

அதில் நான்கு வகுப்புக்கள் கண்டிருந்தன. குலாப்சிங் ஆட்சி தொடங்குமுன் ராஜ்யத்தில் பிறந்து வசித்தவர்களும், 1885-ம் வருஷத்துக்கு முன்னர் வந்து நிரந்தரமாகக் குடியேறியவர்களும், அவர்களுடைய சந்ததியாரும் முதல் வகுப்பார். 1911-ம் வருஷ முடிவுக்குள் வந்து தங்கி ஸ்தாவர சொத்துச் சம்பாதித்தவர்கள் இரண்டாம் வகுப்பார். அதன் பின் அநுமதி பெற்று நிலம் வாங்கி, பத்து வருஷம் தொடர்ந்து வசித்து, பிரஜையாக உடன்படிக்கை எழுதிக் கொடுப்பவர்கள் மூன்றாம் வகுப்பார். மன்னரின் விசேஷ உத்தரவு பெற்ற கம்பெனிகள் நான்காம் வகுப்பு. படிப்புக்கான உதவிச் சம்பளம், சாகுபடிக்கும் வீடு கட்டுவதற்குமான சர்க்கார் நிலம், ராஜாங்க உத்தியோகம் ஆகிய மூன்றிலும் முதல் வகுப்பாருக்கு முதலிடம். அடுத்தவர்களுக்கு அடுத்த இடம். பிரஜையை மணந்த ஸ்திரீ, ராஜ்யத்திலேயே வசிக்கும் வரையில், கணவனது அந்தஸ்தைப் பெறுவாள் என்ற குறிப்பும் இருந்தது.

வெளியார் நிலம் வாங்குவதற்கு இருந்த தடையினாலேயே கோடைக்கு வந்த ஐரோப்பியர் தால் ஏரியில் படகு வீடுகளைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தனர் என்பர். தடை ஆங்கிலேயரையும் கட்டுப்படுத்திற்று என்பதில் அக்காலத்துக் காஷ்மீரிகளுக்குப் பெருமை இருந்தது.

ஆயினும் சட்டமறிந்தவர் ஒரு கேள்வி கேட்பர். வெளியாரை வெளியே நிறுத்திவிட்டீர்; நல்லது. உள்ளிருப்பவனுக்கு என்ன கொடுத்தீர்? 1927-ல் பள்ளத்தாக்கின் குடியானவன் முதல் வகுப்புப் பிரஜை ஆனான். ஆனால் அவன் உழுத நிலம் அவனுடையதன்று. விற்க முடியாதவனுக்கு, வாங்க வருகிறவனிடமிருந்து பாதுகாப்பு அளிப்பது எப்படிப்பட்ட உபகாரம்? பிரகடனத்தின் பயன் அன்று படித்தவர்களுக்கும் பட்டணவாசிகளுக்குமே கிட்டிற்று. அதனைக் கேட்டவர்களும் அவர்களே.

அந்நிலையை மன்னரின் மந்திரியே வெளியில் எடுத்துச் சொல்ல நேர்ந்தது. மதராஸ் மாகாணத்து ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தராகவும், கொச்சி, மைசூர் திவானாகவும் இருந்து பெயர் பெற்ற ஸர் ஆல்பியன் பானர்ஜி காஷ்மீர மந்திரி சபையில் இருந்தார். 1929-ல் அவர் பதவியைத் துறந்தார். முஸ்லிம்களாகிய பெரும்பான்மையோர் எழுத்தறிவின்றி வறுமையில் ஆழ்ந்து, வாயில்லாப் பிராணிகளைப் போல நடத்தப்படுகின்றனர் என்று லாகூரில் பகிரங்கமாகக் கூறினார். ஸ்ரீநகரத்தில் அதனை மறுத்து அறிக்கைகள் வெளிவந்தன. இரண்டு வருஷங்களுக்குள் காலமே அதற்குச் சாட்சி சொல்லிற்று.

1931-ம் வருஷம்

1930-ல் லண்டனில் கூடிய வட்டமேஜை மகாநாட்டில் ஹரிசிங் சுதேச மன்னர்களின் சார்பில் பேசினார். இந்தியருடைய சுதந்தர ஆவலில் மன்னர்களுக்கும் பங்குண்டு என்று அவர் கூறியது ஆங்கிலேயருக்கு உவப்பாயில்லை. தேசாபிமானிகள் மகிழ்ந்தனர். ஆனால் இந்தியாவுக்குச் சுயராஜ்யம் வேண்டியவர், தம் பிரஜைகளுக்கு ஒரு சட்டசபையும் அளிக்காதவராகவே இருந்தார்.

1931-ம் வருஷம் ஜூலை 13-ந் தேதி ஸ்ரீநகரச் சிறைச்சாலைக்கு வெளியே திரண்ட ஜனக்கூட்டத்தின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கலகம் பரவிற்று, ஹிந்துக்களின் கடைகள் சூறையாடப்பட்டன, ஆங்கிலேயப் பட்டாளத்தின் உதவியை நாட நேர்ந்தது. ஷேக் முகம்மது அப்துல்லா என்ற இளம் உபாத்தியாயர் தலைவராக உயர்ந்தது அந்தக் கிளர்ச்சியில்தான்.

விசாரணைக்கு நியமிக்கப்பட்ட கிளான்ஸி கமிஷன் 1932-ல் அறிக்கை கொடுத்தது. நிலத்தைப் பற்றி அது செய்த சிபார்சுதான் முக்கியமானது. சர்க்காருக்குச் சொந்தமென்று எழுதப்பட்டிருந்த நிலங்களில் அநுபோக பாத்தியதை உடையவர்களுக்குப் பூரண சொத்துரிமை வழங்க வேண்டும். சொந்தக்காரர் என்ற முறையில் மன்னர் வசூலித்துவந்த மாலிகானா என்ற கட்டணத்தை நீக்க வேண்டும் என்று அது கூறிற்று. ஹரிசிங் அதனை ஏற்றுக்கொண்டார். 1846-ல் கிரயத்துக்குப் போன மண், 87 வருஷங்களுக்குப் பிறகு, 1933-ல் உழுகிறவன் பெயருக்குத் திரும்பிற்று. பிறகு 1934-ல் 75 அங்கத்தினர் கொண்ட பிரஜா சபை கூடிற்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் 33 பேரே. இரண்டும் மன்னர் தாமாக முன்வந்து செய்தவையல்ல, செய்யத் தூண்டப்பட்டவை. என்றாலும், செய்ததற்குரிய புகழை அவருக்கு மறுப்பது முறையன்று.

கில்கித்தும் நில மாற்றமும்

1931-ம் வருஷத்துக் கலகத்தில் ஆங்கிலேயரின் தயவை நாடியதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. ருஷ்யாவுக்கும் சீனாவுக்கும் அண்மையிலுள்ள கில்கித் பிரதேசத்தில் அவர்களுக்கு நெடுநாளாகக் கண் இருந்தது. 1935-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், சிந்து நதிக்கு அப்பாலுள்ள கில்கித் பிரதேசத்தை 60 வருஷக் குத்தகைக்கு ஹரிசிங் எழுதிக் கொடுத்தார். வெளியார் ஒருவர் ஸ்ரீநகரத்தில் ஒரு மனைக்கட்டு வாங்க முடியாது. வெளி ராஜாங்கமோ ஒரு மாகாணத்தையே குத்தகைக்குப் பெற்றுவிட்டது. 1947-ம் வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி ஆங்கிலேயர் அதனைத் திருப்பிக் கொடுத்தனர். மூன்று மாதத்துக்குள், அங்கிருந்த சேனையார் எழுந்து மன்னரின் கவர்னரைக் காவலில் வைத்துப் பாகிஸ்தானத்துடன் சேர்ந்துவிட்டனர்.

1937-ம் வருஷத்தில் நம்மவரொருவர் காஷ்மீரத்தின் பிரதம மந்திரியானார். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, மதராஸ் ராஜதானியில் பல உத்தியோகங்கள் வகித்த என். கோபாலஸ்வாமி ஐயங்கார் 1943 வரையில் அப்பதவியில் இருந்தார். அவர் காலத்தில்தான், 1938-ல், நில மாற்றச் சட்டம் நிறைவேறிற்று. இதன் அவசியம் விளங்கத்தக்கது. 1933-ல் குடியானவன் சொந்தக்காரனானான்; சொந்தக்காரனானதும் விற்கும் உரிமையும் வந்தது; கடன் கொடுப்பவனின் பார்வை நிலத்தின் மேல் விழுந்தது. ஆகவே ராஜ்யத்துப் பிரஜையல்லாதவனுக்கு நிலத்தை மாற்றலாகாதென்று சட்டம் தடுத்தது. 1927-ல் வெறும் வரையறையாயிருந்தது இப்பொழுது உயிருள்ள காவலாயிற்று. உரிமை உண்டான பிறகே காவலுக்குப் பொருள் உண்டாயிற்று என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும். பத்து வருஷங்களுக்குப் பின்னர் இதே ஐயங்கார் ஐக்கிய நாடுகள் சபையில் காஷ்மீர வழக்கை எடுத்துரைத்தார். இந்திய அரசியல் சாசனத்தில் பிற்பாடு 370 என்று எண்ணிடப்பட்ட ஷரத்தை அரசியல் நிர்ணய சபையில் 1949-ம் வருஷம் அக்டோபர் மாதம் பிரேரேபித்தவரும் அவரே.

இணைப்பு

1946-ம் வருஷம் மே மாதத்தில், மன்னர் காஷ்மீரத்தை விட்டு வெளியேற வேண்டுமென்று ஷேக் அப்துல்லா கிளர்ச்சி தொடங்கினார். அமிர்தசரஸ் உடன்படிக்கையே அவருடைய வாதத்தின் மையம். ஜனங்களை ஆடுமாடுகளைப் போல விலைக்கு வாங்கிய பத்திரத்தால் ஆளும் உரிமை பிறக்காது என்றார். அவரைச் சிறையிட்டனர்; அவருக்காக வழக்காடப் புறப்பட்ட ஜவாஹர்லால் நேருவையும் எல்லையில் தடுத்துக் காவலில் வைத்தனர்.

1947-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹரிசிங் எந்தப் பக்கமும் சேரவில்லை. தனித்து நிற்கலாமென்று எண்ணினார். அக்டோபர் 22-ந் தேதி எல்லைப்புறக் கூட்டத்தார் முஸபராபாத் வழியாகப் பாய்ந்தனர். மஹூரா மின்சார நிலையம் அவர்கள் வசமானபொழுது ஸ்ரீநகர அரண்மனையின் விளக்குகள் அணைந்தன. மன்னர் இரவோடிரவாக ஜம்முவுக்குப் புறப்பட்டார். 26-ந் தேதியிட்ட இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் இந்திய சேனை விமானங்களில் இறங்கிற்று. அவ்வாரங்களில் ஜம்முப் பகுதியில் முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். மீர்பூர், முஸபராபாத் பக்கங்களில் ஹிந்துக்களும் சீக்கியரும் அவ்வாறே மடிந்தனர். தம் பிரஜைகள் அனைவரையும் காக்கும் கடமை மன்னருடையது. அதில் அவர் தவறினார் என்று சொல்லாமல் அவர் சரித்திரத்தை எழுத முடியாது.

இணைப்புப் பத்திரத்தின் ஆறாவது ஷரத்தை அரசியல்வாதிகள் அதிகமாகக் கவனிப்பதில்லை. காஷ்மீரத்தில் நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொள்வதற்குச் சட்டம் செய்ய இந்திய சட்டசபைக்கு அதிகாரமில்லை. மத்திய சர்க்காருக்கு நிலம் தேவையானால் மன்னரே அதனை எடுத்துக் கொடுப்பார் என்பது அதன் கருத்து. மற்ற சமஸ்தானங்களின் பத்திரங்களிலும் இந்த வாசகமே இருந்தது. மற்ற மன்னர்கள் பின்னர் ராஜ்யத்தையே ஒப்படைத்து விட்டதால் அங்கெல்லாம் அது செத்த எழுத்தாயிற்று. காஷ்மீரத்தில் மட்டும் அவ்வாறு ஆகவில்லை.

பம்பாய் வாசம்

1948-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஷேக் அப்துல்லா பிரதம மந்திரியானார். சிறையிலிட்டவரும் சிறையிலிருந்தவரும் ஒரே ராஜ்யத்தை ஆள்வது எப்படி? சிலகாலம் வெளியே தங்கியிருப்பது நலமென்று சர்தார் படேல் மன்னருக்கு யோசனை கூறினார். 1949-ம் வருஷம் ஜூன் 20-ந் தேதி, தம் அதிகாரங்களைப் பதினெட்டு வயதான யுவராஜா கரண்சிங்கிடம் ஒப்புவிப்பதாகப் பிரகடனம் செய்துவிட்டு ஹரிசிங் பம்பாய்க்குப் போனார். சிலகாலம் என்றது ஆயுட்காலமாயிற்று.

அவர் வெளியேறிய பின் 1950-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பெரும் பண்ணைகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. ஒருவர் 182 கனாலுக்கு மேல், அதாவது 22¾ ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருக்கலாகாது. பழத்தோட்டங்களுக்கு மட்டும் விலக்கு. மிகுதி நிலம் நஷ்டஈடு இன்றி உழுகிறவனைச் சேர்ந்தது. 1952-ல் பரம்பரை ஆட்சியும் ஒழிந்தது. ராஜ்யத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவருடைய குமாரரே.

பழையவை எல்லாம் சரிந்துகொண்டிருந்த அச்சமயத்தில் 1927-ம் வருஷத்துப் பிரகடனம் மட்டும் மேலும் உறுதி பெற்றது. மன்னரை வெளியேற்றியவர்களே அவருடைய சட்டத்தை இறுகப் பற்றிக்கொண்டார்கள். 1952-ம் வருஷத்து டில்லி ஒப்பந்தத்தில் அது ஏற்கப்பட்டது. 1954-ம் வருஷம் மே 14-ந் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவினால் 35ஏ என்ற ஷரத்தாக அரசியல் சாசனத்தில் ஏறிற்று. 1957-ல் அமுலுக்கு வந்த காஷ்மீர அரசியல் சட்டம், நிரந்தரவாசி என்ற புதுப்பெயரிட்டு, பழைய வகுப்புக்களையே ஆதாரமாகக் கொண்டது.

ஹரிசிங் இவற்றையெல்லாம் பம்பாயிலிருந்து பத்திரிகைகளில் படித்திருப்பார். ராஜ்யத்தில் பிறந்தவன், ராஜ்யத்தில் வசிப்பவன் என்று இரண்டையும் ஒருங்கே வற்புறுத்திய சட்டத்தை எழுதியவருக்கு, பிறந்த நிலை மட்டும் மிஞ்சிற்று. வசிக்கும் நிலை போய்விட்டது. 1961-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி அவர் பம்பாயில் காலமானார். அஸ்தி ஜம்முவுக்குக் கொண்டுவரப்பட்டுத் தாவி நதியில் கரைக்கப்பட்டது. உயிரோடு திரும்ப முடியாத மண்ணுக்கு அவர் அவ்விதமாகத் திரும்பினார்.

அவருக்குப் பின்

அவருக்குப் பின்னும் சட்டம் நன்மையும் தீமையும் செய்துகொண்டு நடந்தது. பண்ணைகள் ஒழிந்த பிறகு சிறு குடியானவர் கையிலிருந்த நிலம், வெளிமாகாணத்துப் பெருஞ்செல்வரிடம் போகாமல் நின்றது. இது பெரிய நன்மை. ஆனால் 1947-ல் மேற்குப் பஞ்சாபிலிருந்து ஜம்முவுக்கு ஓடிவந்த அகதிகள், தலைமுறைகள் கழிந்தும் அங்கு நிலம் வாங்கவோ, சட்டசபைத் தேர்தலில் வோட்டுப் போடவோ முடியாதவர்களாயிருந்தனர். தெருத் துப்புரவுக்கென்று 1957-ல் பஞ்சாபிலிருந்து அழைத்துவரப்பட்ட வால்மீகி வகுப்பாரின் பிள்ளைகள் எவ்வளவு படித்தாலும் சர்க்காரில் அந்த ஒரு வேலைக்கே உரியவர்களென்று இருந்தது. வெளியூரானை மணந்த காஷ்மீரப் பெண் தன் பாத்தியதையை இழந்தவளாக நடத்தப்பட்டாள். 2002-ல் அங்குள்ள ஹைகோர்ட்டு அவள் இழக்கவில்லையென்று தீர்ப்புக் கூறிய பிறகும், அவள் பிள்ளைகளுக்கு அது செல்லவில்லை.

2019-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவினால் 35ஏ ஷரத்து வழக்கொழிந்தது. ராஜ்யம் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்தது. 2020-ம் வருஷம் அக்டோபர் 26-ந் தேதி வெளியான உத்தரவு, ஜம்மு காஷ்மீரப் பிரதேசத்து நிலச் சட்டங்களிலிருந்து நிரந்தரவாசி என்ற சொல்லை அகற்றிற்று. 1938-ம் வருஷத்துச் சட்டத்தையும் 1950-ம் வருஷத்துச் சட்டத்தையும் ரத்துச் செய்தது. விவசாய நிலத்தை அங்கு விவசாயம் செய்பவரல்லாதாருக்குப் பொதுவாக மாற்றலாகாதென்ற கட்டுப்பாடு, சில விதிவிலக்குகளோடு, ஏற்பட்டது. மனைநிலத்தை இந்தியப் பிரஜை எவரும் வாங்கலாமென்றாயிற்று. 2023-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு 2019-ம் வருஷத்து நடவடிக்கையை உறுதி செய்தது. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானத்தின் வசமுள்ள முஸபராபாத் பகுதியிலோ 1927-ம் வருஷத்து விதியே நிலைத்து நிற்கிறது. ஹரிசிங்கை எதிர்த்து எழுந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நிர்வாகம் அவர் சட்டத்தைக் காத்துவருகிறது. அவர் கையெழுத்தினால் சேர்ந்த நாடு அதனை நீக்கிவிட்டது.

நிலத்தை வெளியாரிடமிருந்து காப்பது காஷ்மீரத்துக்கு மட்டும் உரிய விபரீதமன்று. ஹிமாசலத்தில் 1972-ம் வருஷத்து நிலச் சட்டம் விவசாயியல்லாதவன் நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. வடகிழக்கு மலைநாடுகளிலும் இவ்வகைக் காவல்கள் உண்டு. மலைநாட்டில் சாகுபடி நிலம் சொற்பம். சமவெளியின் பணம் அளவற்றது. ஆகவே காவல் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதனை யார் தீர்மானிப்பது என்பதே முக்கியமான கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

1927-ல் ஹரிசிங் தம் சித்தப்படி தீர்மானித்தார். அன்று சட்டசபையே இல்லை. 1954-ல் ஒரு சபை இருந்தது. ஆனால் அதன் 75 ஸ்தானங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் போட்டியே நடக்கவில்லை. ஷேக் அப்துல்லாவோ சிறையில் இருந்தார். 2019-லும் 2020-லும் சட்டசபை கலைக்கப்பட்டிருந்தது. கொடுத்தபொழுதும், உறுதி செய்தபொழுதும், எடுத்தபொழுதும் அந்த மண்ணில் உழுகிறவனை யாரும் தடையின்றிக் கேட்டதில்லை. அவனைக் கேளாமல் அளித்த பாதுகாப்பை அவனைக் கேளாமலே நீக்கவும் முடிந்தது. ஹரிசிங்கின் சட்டத்துக்கு இருந்த குறை இதுவே. அதனை நீக்கிய சட்டத்துக்கும் இக்குறை உண்டு.

2024-ம் வருஷத்தில் அங்கு தேர்தல் நடந்து சட்டசபை மறுபடியும் கூடிற்று. மன்னரின் பிறந்த நாளுக்கு விடுமுறை விடுவது எளிது. நிலத்தைப் பற்றிய சட்டம் எதுவாயினும் அந்நிலத்தில் வாழ்பவர்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசி முடிவு செய்வதாக இருத்தல் வேண்டும். அதில் அகதியின் குரலும், வெளியூரில் மணம் புரிந்த பெண்ணின் குரலும் கேட்கப்பட வேண்டும். மன்னர் செய்யத் தவறியது அது. அவருக்குப் பின் வந்தவர்களும் அதனை இதுவரையில் செய்யவில்லை.